வெளிக்கொக்கி

வெள்ளிக்கிழமை தவறாமல் நூர்ஜான் ஒரு காரியம் செய்து வந்தாள். பனியன் கம்பெனியில் மத்தியானச் சங்கு ஊதியதும் காங்கேயம் ரோட்டுக்கு நடந்து போவாள். அங்கே தன் கணவனின் அண்ணன் நூருல்லாவின் கடைக்கு முன்னால் நின்று, அவர் காதில் விழும்படி ஒரு சாபம் விட்டுவிட்டுத் திரும்புவாள்.

"தம்பியத் தின்ன கை அது. புழுத்துத்தான் போகும்."

ஜும்மா தொழுகைக்கு அவர் கடையைச் சாத்துகிற நேரம் பார்த்தே அவள் போவாள். அந்தச் சாபத்தைச் சுமந்துகொண்டுதான் அவர் அல்லாவுக்கு முன்னால் போய் நிற்கவேண்டும் என்பது அவள் எண்ணம். நூருல்லா ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. கதவுப் பலகையை ஒவ்வொன்றாக மாட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு பள்ளிவாசலுக்கு நடப்பார்.

அவர் யுத்தகாலத்தில் பட்டாளத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கிற பிரிவில் இருந்தவர். பர்மாவிலிருந்து உயிரோடு திரும்பி, கலெக்டர் ஆபீசில் லைசென்ஸ் வாங்கி, திருப்பூரில் துப்பாக்கி ரிப்பேர் கடை போட்டார். மடத்துக்குளம் பக்கத்துக் கரும்புக்காடுகளில் பன்றி விரட்டுகிறவர்கள்கூட பஸ் ஏறி அவரிடம்தான் வருவார்கள். தம்பி கைருதீனை வளர்த்ததும், பனியன் கம்பெனியில் மெஷின் ஃபிட்டராகச் சேர்த்துவிட்டதும், நூர்ஜானைப் பெண் பார்த்துக் கட்டிவைத்ததும் அவர்தான். அந்தக் கையைத்தான் அவள் சபித்தாள்.

ஏன் சபித்தாள் என்பதற்கு ஊரெல்லாம் தெரிந்த ஒரு காரணம் இருந்தது.

அது அறுபத்தைந்தாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி லீவு. பின்னல் மெஷின்களுக்கு எண்ணெய் போடக் கைருதீன் போயிருந்தான். முதலாளி நஜீமுதீனும் வந்திருந்தார். மெஷின் ஹாலில் ஒரு வேட்டுச் சத்தம் கேட்டது. பெருக்குகிற பொன்னாத்தாள் ஓடிப்போய்ப் பார்த்தபோது கைருதீன் கடைசி மெஷினுக்குப் பக்கத்தில் மார்பில் குண்டோடு கிடந்தான்.

நஜீமுதீன் போலீசாரிடம் அழுதுகொண்டே சொன்னார்: "பிஸ்டல எடுத்துக் காட்டுங்க, பாக்கோணும்னு கேட்டானுங்க. நானும் எடுத்தேன். தோட்டா இருக்கற மேகசினக் கழட்டினேன். மேல்மூடிய இழுத்தும் விட்டேன். குழலுக்குள்ள இருந்த தோட்டா அதுல வெளிய வந்திருக்கோணும். வரலீங்க. காலியாயிருச்சுன்னு நெனச்சு விசைய அமுத்தீட்டேன். எம்பட கையே அவனைக் கொன்னுபோட்டுதுங்களே!"

போலீசார் பிஸ்டலைச் சோதித்தார்கள். குழலில் இருக்கிற தோட்டாவின் விளிம்பைக் கவ்வி வெளியே இழுக்க ஒரு சின்னக் கொக்கி உண்டு. எக்ஸ்ட்ராக்டர் என்பார்கள். எஸ்டேட் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன அந்தப் பழைய பிஸ்டலில், கொக்கி மேல்மூடிக்கு உள்ளேயே மறைந்திருந்தது. அதற்குத் தனியாக ஸ்பிரிங் கிடையாது. கொக்கியின் தண்டே சற்று வளைந்து நின்று ஸ்பிரிங் வேலையையும் பார்க்கும். வளைவு தளர்ந்துவிட்டால் கொக்கி கவ்வாது, தோட்டா உள்ளேயே தங்கிவிடும். போலீசார் பார்த்தபோது வளைவு தளர்ந்துதான் இருந்தது. அதற்கு முந்தின மாதம்தான் நூருல்லா அந்தக் கொக்கியைச் சரிசெய்து கொடுத்திருந்தார்.

விபத்து என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். சட்டம் யாரையும் தண்டிக்கவில்லை, ஊர் நூருல்லாவைத் தண்டித்தது. அண்ணன் அரைகுறையாகச் செய்த வேலை தம்பியின் உயிரைக் குடித்துவிட்டது என்று பள்ளிவாசல் வாசலிலும் டீக்கடையிலும் பேசினார்கள். "நல்லாத்தானுங்க இறுக்கிக் குடுத்தேன்" என்று அவர் ஆரம்பத்தில் ஓரிருவரிடம் சொல்லிப் பார்த்தார். அப்புறம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ராத்திரி பகலாகத் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நஜீமுதீனோ மைய்யித்து அடக்கச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு ஊருக்கே சோறு போட்டார். நூர்ஜானுக்குக் கம்பெனியில் பனியன் மடிக்கிற வேலை கொடுத்து, "நீ எனக்கு மக மாதிரி அம்மணி" என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்.

"எம்பட தப்புக்கு அல்லா எனக்குக் கூலி குடுப்பான். ஆனா ரிப்பேர்னு பேர் பண்ணி எமனைக் கையில குடுத்தானே, அவன் இன்னமும் கடை தொறந்துட்டுத்தான இருக்கறான்? உம் புருசன் ரத்தத்துக்கு நீ கேக்காம ஆரு கேப்பாங்க?"

நூர்ஜான் கேட்டாள். நஜீமுதீனின் காரிலேயே கோயமுத்தூருக்குப் போய், கலெக்டர் ஆபீசில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நூருல்லாவின் லைசென்ஸ் ரத்தானது. போர்டைக் கழற்ற ஆள் வந்த அன்று எதிர்ச்சாரியில் நின்று பார்த்தாள். அவள் வீட்டில் அன்றைக்குக் கறிச்சோறு. அதன்பின் நூருல்லா அதே கடையில் பம்ப் ஸ்டவ்வும் பூட்டும் பழுதுபார்த்துப் பிழைத்தார். அப்போதும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமைகள்.

இரண்டாம் வருஷத்து ஃபாத்திஹா முடிந்த வாரம். நஜீமுதீன் வழக்கம்போலக் கைருதீனைப் பற்றிப் பேசிக் கண்ணைத் துடைத்தார். அப்போது புதிதாக ஒன்றைச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை நூர்ஜான் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டுதான் காங்கேயம் ரோட்டுக்குப் போனாள்.

"தோட்டாதான் வெளிய வரலீன்னு நெனச்சேன். வெடிச்ச தோட்டாவோட கூடுகூட வெளிய வரலியாமே! போலீஸ்காரங்க வந்து கம்பி உட்டுக் குத்தி எடுத்தாங்களாமே! அந்த லட்சணத்துல இருந்திருக்குது உங்க வேலை. தூ!"

பலகை மாட்டிக்கொண்டிருந்த நூருல்லாவின் கை நின்றது. திரும்பி அவளைப் பார்த்தார். தம்பி இறந்த பிறகு அவள் முகத்தை அவர் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"என்ன சொன்னே? கூடு குழலுக்குள்ளயா இருந்துச்சு?"

"ஆமா. தெரியாத மாதிரி கேக்கறீங்களா?"

"எங்கிட்ட ஆரும் சொல்லலியே. கொக்கி தளந்திருந்துச்சுன்னுதான சொன்னாங்க." மாட்டிய பலகையை அவர் திரும்பக் கழற்றினார். "உள்ள வா நூர்ஜான். வந்து கேட்டுட்டுப் பொறவு எத்தன வேணும்னாலும் திட்டு."

அவள் உள்ளே போகவில்லை. படியிலேயே நின்றாள். அவர் சொன்னார்:

"அது சின்னப் பிஸ்டல். அதுல மேல்மூடியப் பின்னால தள்றதே வெடிச்ச கூடுதான். மருந்து வெடிக்கற வேகத்துல கூடு பின்னால வரும். அது முட்டித் தள்றதுனாலதான் மூடியே நகரும். அதுக்குக் கொக்கியே வேண்டாம். கொக்கியக் கழட்டிக் கடாசீட்டுச் சுட்டாலும் கூடு வெளிய வந்துரும். வெடிக்காத தோட்டாவ வெளிய இழுக்கத்தான் கொக்கி வேணும். வெடிச்ச கூடு குழலுக்குள்ள உக்காந்திருந்துச்சுன்னா, அது அங்க வெடிச்சதில்ல. ஆரோ வெச்சது."

"உங்க தப்ப மறைக்க அடுத்தவங்க தலையில கட்டப் பாக்கறீங்களா?"

"நம்பாதே. ரெண்டு வருசமா எங் கைய நானே நம்பல. ஆனா ஒண்ணு மட்டும் ரோசன பண்ணிப் பாரு. அங்க வெச்சது ஒரு கூடுன்னா, நெசமாலும் வெடிச்ச கூடு எங்க? இந்த மாதிரிப் பிஸ்டல்ல அது வலப்பக்கமாப் பறந்து போயி உழும்."

அன்றைக்கு நூருல்லா ஜும்மாவுக்குப் போகவில்லை. நூர்ஜான் கம்பெனிக்குத் திரும்பி வந்தாள். பனியனை மடிக்கிற கை ஓடவில்லை. அவள் அவரை நம்பவில்லை. ஆனால் அந்தப் பேச்சு பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி உள்ளே நின்று அறுத்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பொன்னாத்தாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு மொதல்ல ஓடிவந்தது நீங்கதானுங்களே அக்கா. வந்தப்ப மொதலாளி என்ன பண்ணீட்டிருந்தாரு?"

பொன்னாத்தாள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "மெஷினுக்கு அடியில கையும் காலும் ஊனித் தவந்துட்டிருந்தாருங்க அம்மணி. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, கண்ணாடி உழுந்துருச்சு, அதத் தேடறேன்னாரு." சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "கண்ணாடி மூஞ்சிலயே இருந்துச்சு."

"இத ஏனுங்க அப்பவே சொல்லல?"

"எங்கிட்ட ஆரு கேட்டாங்க?"

செத்துக் கிடக்கிறவனைத் தூக்காமல் தரையில் எதையோ தேடின மனுஷன்! அப்போதுதான் கைருதீன் சாவதற்கு முந்தின வாரம் தன்னிடம் சொன்னது நூர்ஜானுக்கு நினைவுக்கு வந்தது. கம்பெனியின் நூல் குடோன் ஒரு மாதத்துக்கு முன்னால் எரிந்து போயிருந்தது. உள்ளே படுத்திருந்த காவல்காரன் கன்னையன் கரிக்கட்டையானான். "அது தானாப் பத்தல நூர்ஜான். இன்சூரன்சுக்கு மொதலாளியே வெச்ச தீ. கன்னையன் உள்ள தூங்கறான்னு தெரிஞ்சேதான் வெச்சாரு. நாம் பாத்தேன். திங்கக்கெழம ஸ்டேஷனுக்குப் போகப்போறேன்" என்றான் கைருதீன். "நமக்கு ஏனுங்க பொல்லாப்பு" என்று அவள்தான் அவன் வாயைப் பொத்தினாள். அது எப்படியோ முதலாளி காதுக்கு எட்டியிருக்க வேண்டும். திங்கட்கிழமை வரவில்லை, ஞாயிற்றுக்கிழமையே அவனை முடித்துவிட்டது. முதலாளி அழுத அழுகையில் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

கடைசி மெஷின் மரப்பலகை மேடையில் முடுக்கப்பட்டிருந்தது. பலகை இடுக்குகளில் வருஷக்கணக்காக எண்ணெயும் பஞ்சுத் தூசும் சேர்ந்து களியாக அடைத்திருந்தன. முதலாளி காங்கேயத்துக்குப் போன ஒரு நாள், மெஷினைச் சுத்தம் செய்கிற சாக்கில் பொன்னாத்தாளும் அவளும் ஒரு பலகையை நெம்பினார்கள். உடைந்த ஊசிகளும் நூல் சிக்குமாக வந்தன. நூர்ஜானின் விரலை ஊசி கிழித்தது. அவள் கையை எடுக்கவில்லை. கடைசியில் பொன்னாத்தாள்தான், "இந்தாங்க அம்மணி" என்று களியை வழித்துவிட்டு ஒன்றை நீட்டினாள். சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு பித்தளைக் கூடு. பாசி பிடித்தமாதிரி பச்சையாக இருந்தது.

நூருல்லா அதை மண்ணெண்ணெயில் கழுவி, பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். நூர்ஜான் இந்தத் தடவை படியில் நிற்கவில்லை. உள்ளே வந்து அவருக்கு எதிரில் நின்றாள்.

"விளிம்புல கடி பாரு. கொக்கி கவ்வின தடம். நான் ரிப்பேர் பண்ணின பிஸ்டல்ல கொக்கி நுனி குறுகலு. இத்தன அகலமாக் கடிக்க அதால ஆகாது. இது வேற பிஸ்டல். வெளிக்கொக்கி."

"அப்பிடீன்னா?"

"புதுசா வர்ற சிலதுல கொக்கிய உள்ள ஒளிக்காம, மூடியோட வலப்பக்கத்துல வெளியவே வெச்சிருப்பாங்க. கண்ணால பாக்கலாம். குட்டையா, அகலமா இருக்கும். பின்னால தனியா ஒரு சுருள் ஸ்பிரிங் அதத் தள்ளிப் புடிச்சுட்டே இருக்கும். உள்கொக்கி மாதிரி சீக்கிரம் தளராது. ஒருக்கா இழுத்தா உள்ள இருக்கற தோட்டா துள்ளி வந்து உழும்." கூட்டை மேஜையில் நிறுத்தி வைத்தார். "அவங்கிட்ட லைசென்ஸ் இருக்கறது பழசு ஒண்ணுக்குத்தான். சுட்டது லைசென்ஸ் இல்லாத பிஸ்டல்ல. அத எப்பிடிக் காட்டுவான்? பழசக் காட்டி, நான் இறுக்கின கொக்கிய அவனே வளச்சுத் தளத்தி, சுட்ட கூடு கெடைக்காததுனால வேற எதையோ எடுத்துக் குழலுக்குள்ள சொருகீட்டான்."

நூர்ஜான் கடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். இரண்டு வருஷம் அவன் போட்ட சோற்றைத் தின்றிருக்கிறாள். அவன் கைகாட்டிய ஆளைச் சபித்திருக்கிறாள். சபிக்கிற பெருமையில் நிம்மதியாகத் தூங்கியும் இருக்கிறாள். புருஷனைக் கொன்றதற்காக ஒரு கோபம் என்றால், தன்னை வேட்டைநாயாக வளர்த்து அண்ணன் மேல் ஏவிவிட்டதற்கு இன்னொரு கோபம். இரண்டாவது கோபம்தான் அவளைப் பிடரியைப் பிடித்து உலுக்கியது.

வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அந்தப் பிஸ்டலு எனக்கு வேணும்" என்றாள்.

நஜீமுதீனின் வீட்டுக்கு அவள் போவது புதிதல்ல. அவர் மனைவி ஜெய்புன்னிசாவுக்கு அவள்மேல் பிரியம். பக்ரீத் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்ததால் துணி தைக்கவும் பீரோ ஒழுங்கு செய்யவும் அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். நூர்ஜான் சிரித்த முகத்தோடு போனாள். பேசிக்கொண்டே தைத்தாள், பேசிக்கொண்டே மடித்தாள். ஜெய்புன்னிசா சமையல்கட்டுக்குப் போன சமயத்தில், நஜீமுதீனின் கல்யாணச் சேர்வானிக்கு அடியில் கையை விட்டாள். எண்ணெய் ஊறிய பனியன் துணி மூட்டை ஒன்று தட்டுப்பட்டது. கனமாக இருந்தது. பிரித்துப் பார்த்தாள். வலப்பக்கத்தில், நூருல்லா சொன்ன இடத்தில், கொக்கி வெளியே தெரிந்தது. அதை இடுப்பில் செருகி முந்தானையை இறுக்கிக்கொண்டு, ஜெய்புன்னிசா கொடுத்த டீயையும் குடித்துவிட்டே கிளம்பினாள்.

நூருல்லா முதலில் மேகசினைக் கழற்றினார். பிறகு மேல்மூடியை இழுத்தார். குழலுக்குள் இருந்த ஒரு தோட்டா துள்ளி மேஜைமேல் விழுந்து உருண்டது. அதன் விளிம்பையும் கூட்டின் விளிம்பையும் கண்ணாடிக்கு அடியில் சேர்த்து வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதேதான்."

"மச்சான்" என்றாள் நூர்ஜான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவரை முறை சொல்லிக் கூப்பிட்டாள். "தோட்டாவப் போட்டு எங்கிட்டக் குடுங்க."

"மாட்டேன்."

"உங்க தம்பியக் கொன்னவன்!"

"அவனக் கொன்னா நீ தூக்குல தொங்குவே. அவன் தியாகி ஆயிருவான், பள்ளிவாசல் சுவத்துல பேரு வெட்டுவாங்க. புது இன்ஸ்பெக்டரு வந்திருக்காரு. இதயும் கூட்டையும் கொண்டுபோயி அவர்கிட்டக் குடுத்தர்லாம்."

அவள் மேஜைமேல் கிடந்த தோட்டாவை அவர் பக்கம் தள்ளினாள். பிறகு சொன்னாள்: "குடுக்கலாமுங்க. குடுத்தா, இத நான்தான் எங்கியோ வாங்கியாந்து கொண்டுபோயி வெச்சேம்பான். பெரிய மனுசன் சொல்லு, ஊரு நம்பும். அவன் வாயில இருந்தே வரோணும். தோட்டாவும் மேகசினும் உங்ககிட்டயே இருக்கட்டும். காலிப் பிஸ்டல மட்டும் குடுங்க. இன்ஸ்பெக்டர நாளைக்குக் கம்பெனிக்குக் கூட்டியாந்துருங்க."

நூருல்லா யோசித்தார். மேல்மூடியை மறுபடி இழுத்து, குழலுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். இன்னொரு தடவையும் தடவினார். அப்புறம்தான் கொடுத்தார்.

அந்த நாட்களில் பகலில் கரண்ட் போவது சகஜம். மெஷின்கள் நின்றால் ஹாலில் ஊசி விழுந்தாலும் கேட்கும். மறுநாள் முற்பகலிலேயே கரண்ட் போனது. பின்னல் மெஷின்காரர்களும் கட்டிங் மேஜைக்காரர்களும் மடிக்கிற பெண்களும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வழக்கம்போல நஜீமுதீன் ஆபீஸ் அறையிலிருந்து ஹாலுக்கு வந்தார். நூர்ஜான் எழுந்து கடைசி மெஷினுக்குப் பக்கத்தில், கைருதீன் விழுந்த இடத்தில் போய் நின்றாள்.

"மொதலாளி, கொஞ்சம் இங்க வாங்க."

"என்ன அம்மணி?"

அவர் அருகே வந்ததும் முந்தானைக்குள்ளிருந்து பிஸ்டலை எடுத்து அவர் மார்புக்கு நேராக நீட்டினாள். பெண்கள் அலறினார்கள். "ஆரும் கிட்ட வராதீங்க!" என்றாள். ஒருவரும் வரவில்லை.

நஜீமுதீன் பிஸ்டலைப் பார்த்தார். எது என்று தெரிந்ததும் முகம் வெளுத்தது. ஆனாலும் கண் கீழே போய், கைப்பிடியின் அடிப்பாகம் பொக்கையாக இருப்பதைக் கண்டுகொண்டது. உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது.

"கீழ வெய்யி அம்மணி. அதுல மேகசினே இல்ல."

"ஆமாங்க. மேகசினக் கழட்டீட்டேன்." நூர்ஜான் நிதானமாக, ஹாலில் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள். "மேல்மூடியயும் இழுத்து உட்டேன். காலியாத்தான் இருக்கோணும். ஆனா உள்ள ஒண்ணு தங்கிருச்சோ என்னவோ. அன்னைக்கு உங்களுக்குத் தங்கின மாதிரி. பொம்பளைக்கு என்ன தெரியும்? அமுத்திப் பாத்தரட்டுங்களா?"

"வேண்டாம்!"

"ஏனுங்க? விபத்துதான? நீங்க அமுத்தினீங்க, எம் புருசன் போனான். நான் அமுத்தறேன்." விரலை விசையில் வைத்தாள். "போலீஸ்ல நானும் அழுதுட்டுச் சொல்றேன். கொக்கி தளந்திருந்துச்சுங்க, தோட்டா வெளிய வரலீங்கன்னு."

விசை கொஞ்சம் நகர்ந்தது. நஜீமுதீன் முழங்காலில் விழுந்தார். அவர் குரல் கிழிந்துகொண்டு வந்தது.

"இதுல தங்காது! உள்ள இருந்தா நீ வேணும்னே உட்டு வெச்சதுதான்! இது அது இல்ல, இதுக்குக் கொக்கி வெளிய இருக்குது! இழுத்தா வந்துரும், சுட்டா பறந்துரும்! அன்னைக்குக்கூடப் பறந்துதான் போச்சு, எங்க தேடியும் அந்தக் கூடு—"

நாக்கைக் கடித்துக்கொண்டார். கட்டிங் மாஸ்டர் கிட்டுசாமி மெல்ல எழுந்து, "என்னைக்குங்க மொதலாளி?" என்று கேட்டார். ஹால் வாசலில் நூருல்லாவும் இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் நிற்பதை அப்போதுதான் நஜீமுதீன் பார்த்தார்.

நூர்ஜான் விசையை முழுக்க அழுத்தினாள். 'டக்' என்று வெறும் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நஜீமுதீனின் வேட்டி நனைந்தது. தன் கையில் சம்பளம் வாங்குகிற அத்தனை பேரும் பார்க்க, அவர் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தார். நூர்ஜான் குனிந்து அவர் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பார்த்து முடித்த பிறகுதான் பிஸ்டலை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தாள்.

கோயமுத்தூர் செஷன்ஸ் கோர்ட்டில் வழக்கு நடந்தது. பழைய பிஸ்டலின் குழலில் கிடந்த கூடு, அன்று காலை நஜீமுதீன் தென்னந்தோப்பில் அதே பிஸ்டலால் நாயைச் சுட்ட கூடு என்பது வெளியே வந்தது. சென்னையிலிருந்து வந்த நிபுணர் இரண்டு கூடுகளின் கடியையும் படம் பெரிதாக்கிக் காட்டினார். குடோன் தீயும் கிளறப்பட்டது. கன்னையனின் மனைவி ராமாத்தாள் குன்னத்தூரிலிருந்து வந்து கூண்டிலேறி, புருஷனுக்குச் சோறு கொண்டுபோன போதெல்லாம் குடோன் கதவு வெளியே பூட்டி, சாவி முதலாளியிடம் இருந்ததைச் சொன்னாள். நஜீமுதீனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. நூர்ஜான் தூக்கை எதிர்பார்த்திருந்தாள். கோர்ட் படியில் நின்று, "இவ்வளவுதானா?" என்று வக்கீலிடம் கேட்டாள்.

நூருல்லாவின் லைசென்ஸைத் திரும்பக் கேட்டு அவளே கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். ஒருவழியாகக் கிடைத்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "நான் பேசின பேச்செல்லாம்..." என்று ஆரம்பித்தாள்.

"பேசினே. காதுல உழுந்துச்சு" என்றார் அவர். "அத இப்பத் திரும்ப எடுத்துட்டுப் போவ முடியாது." பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரு. டீ சொல்றேன்" என்றார். அதற்கு மேல் அவரால் அவளை மன்னிக்க முடியவில்லை. அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து ஜெய்புன்னிசா அவள் வீட்டுக்கு வந்தாள். நகைகளெல்லாம் போய், கழுத்தில் கருகமணி மட்டும் இருந்தது.

"அவருக்கு உள்ள தூக்கமே இல்லியாம் நூர்ஜான். மன்னிச்சேன்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம். அல்லா பேரச் சொல்லிக் கேக்கச் சொன்னாரு."

நூர்ஜான் அவளுக்குத் தட்டு வைத்து, சோறு போட்டு, குழம்பு ஊற்றினாள். அவள்மேல் இவளுக்கு எந்தக் கோபமும் இல்லை.

"நீங்க சாப்பிடுங்க அக்கா. நீங்க எப்ப வந்தாலும் இந்த ஊட்ல உங்களுக்குச் சோறு இருக்கும். அவருக்கு அந்த வார்த்தை கெடையாது. தூங்காமயே கெடக்கட்டும்."

எழுபதாம் வருஷம் கோடையில் நஜீமுதீன் ஜெயில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மைய்யித்து திருப்பூருக்கு வந்தது. ஜமாஅத்தில் பாதிப் பேர் போனார்கள். நூருல்லா கடையைத் திறந்து வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நூர்ஜான் லீவு சொல்லிவிட்டுக் குன்னத்தூர் பஸ்ஸில் ஏறினாள். ராமாத்தாள் யாரோ ஒருவர் காட்டில் கடலைக்கொடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றபடியே நூர்ஜான் சேதியைச் சொன்னாள்.

ராமாத்தாள் நிமிர்ந்து, கண்ணுக்கு மேலே கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

"செரமப்பட்டுத்தான் போனானா?"

நூர்ஜானுக்கு அது தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை.

"ஆமாங்க அக்கா" என்றாள். "ரொம்பச் செரமப்பட்டுத்தான்."

ராமாத்தாள் கையில் இருந்த கொடியை உதறி, மண்ணைத் தட்டிவிட்டு வரப்புக்கு ஏறினாள். "அப்ப வாங்க, அந்த வேப்பமரத்துக்குப் போவலாம். தூக்குப்போசில கம்பஞ்சோறு இருக்குது. ரெண்டு பேருக்கும் ஆகும்" என்றாள்.